ராட்டை நிற்கும் இடம்: ஜெர்மன் கலைப்பாடல்களில் ரொமான்டிசிசம் எங்கே இருக்கிறது?

கேள்வி இது: "ஷூபர்ட், ஷூமன் பாடல்களை எல்லாரும் ரொமான்டிக் என்கிறார்கள். கேட்டால் ஒரு குரல், ஒரு பியானோ, மூன்று நான்கு நிமிடம், அவ்வளவுதான். இதில் ரொமான்டிக் குணங்கள் என்று எவற்றைச் சொல்கிறார்கள்? காதில் எப்படி அடையாளம் காண்பது?"

முதலில் சொல்லைச் சரி செய்துகொள்வோம். இங்கே ரொமான்டிக் என்றால் காதல் சமாசாரம் என்று அர்த்தமில்லை. 1790களின் கடைசியில் யேனா, பெர்லின் நகரங்களில் இருந்த இளம் எழுத்தாளர்களிடம் தொடங்கிய ஒரு போக்கு அது. தெளிவு, அளவு, ஒழுங்கு என்று முந்தைய தலைமுறை எதையெல்லாம் உயர்வாக நினைத்ததோ, அதற்கு எதிர்த் திசையில் இவர்கள் போனார்கள். இரவு, கனவு, காடு, பேய்க்கதை, நாட்டார் பாட்டு, ஊர் ஊராகத் திரியும் தனியாள், கைக்கு எட்டாத ஒன்றின்மேல் தீராத ஏக்கம். இந்த ஏக்கத்துக்கு ஜெர்மனில் ஸேன்சுக்ட் என்று ஒரு சொல் உண்டு. அந்தக் குழுவைச் சேர்ந்த எழுத்தாளர் நோவாலிஸ் தன் கதையில் அதை ஒரு நீலப் பூவாக்கினார். கதாநாயகன் கனவில் கண்ட பூ அது, அதைத் தேடித்தான் அவன் போகிறான்.

பாடப்புத்தகத்தைத் திறந்தால் இவற்றை வரிசையாகப் போட்டிருப்பார்கள். அது தப்பில்லை. ஆனால் அந்தப் பட்டியல் கவிதைக்கானது. வரியில் நிலாவும் காடும் வந்தால் கவிதை ரொமான்டிக் ஆகிவிடும், சரி. அதற்கு இசையமைத்தவர் என்ன சேர்த்தார்? உங்கள் கேள்வி உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. என் பதிலை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: பியானோவில் தேடுங்கள். பாடுகிறவர் சொல்லாததையும், சொல்ல முடியாததையும், சில சமயம் அவருக்கே தெரியாததையும் பியானோ சொல்கிறது. மற்ற குணங்களெல்லாம் அந்த வழியாகத்தான் பாட்டுக்குள் வருகின்றன.

இந்தப் பாடல் வகைக்குப் பெயர் லீட். பன்மையில் லீடர். தமிழில் எழுதினால் யாரோ கட்சித் தலைவர் மாதிரி இருப்பதால், நான் லீட் பாடல்கள் என்றே எழுதுகிறேன். மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்ற நம்மூர் விவாதத்துக்கு இங்கே இடமே இல்லை. கவிதை ஏற்கெனவே அச்சாகி வந்துவிட்டது. கதே, ஹைனே, ஐகென்டார்ஃப் போன்றவர்களின் தொகுப்பைப் புரட்டி, பிடித்ததை எடுத்துக்கொண்டு பியானோ முன் உட்காருகிறார் இசையமைப்பாளர். பெரும்பாலும் கவிஞரைக் கேட்பதுகூட இல்லை. அதனால் ஒவ்வொரு லீட் பாட்டும் ஒரு வாசகர் அந்தக் கவிதையை எப்படிப் படித்தார் என்பதன் பதிவு. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

ஒரே ஒரு பாட்டை உற்றுப் பார்ப்போம். 1814 அக்டோபர் 19. வியன்னாவில் தன் அப்பாவின் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியராகச் சேர்ந்திருந்த 17 வயதுப் பையன் ஃபிரான்ஸ் ஷூபர்ட், கதேயின் ஃபாஸ்ட் நாடகத்திலிருந்து ஒரு காட்சியை எடுத்துப் பாட்டாக்கினான். கிரெட்சென் என்ற பெண் தன் அறையில் தனியாக ராட்டை சுற்றிக்கொண்டிருக்கிறாள். அவள் காதலிக்கும் ஃபாஸ்ட் வந்து போன பிறகு அவளுக்கு நிம்மதி போய்விட்டது. "என் அமைதி போயிற்று, என் நெஞ்சு கனக்கிறது" என்று ஆரம்பிக்கிறாள்.

பியானோவின் வலது கை பதினாறாம்பங்குச் சுரங்களைச் சன்னமாக, நிற்காமல் சுழற்றுகிறது. அது ராட்டைச் சக்கரம். இடது கையில் திரும்பத் திரும்ப ஒரு தட்டல். அது காலால் மிதிக்கும் பலகை. இதுவரை இது வெறும் ஒலிச்சித்திரம். இதை ஷூபர்ட்டுக்கு முன்னால் இருந்தவர்களும் செய்வார்கள். ஆனால் பாட்டுப் போகப்போக, சக்கரத்தின் வேகமும் சத்தமும் அவள் நூற்கும் வேலையைப் பொறுத்து மாறவில்லை, அவள் நினைப்பைப் பொறுத்து மாறுகின்றன. அவனுடைய நடை, சிரிப்பு, கண், பேச்சு, கைப்பிடி என்று ஒவ்வொன்றாக நினைக்கிறாள். மிதிபலகையின் தட்டல் காணாமல் போகிறது. இசை மேலே மேலே ஏறுகிறது. "ஐயோ, அவன் முத்தம்!" என்ற இடத்தில் குரல் உச்சிக்குப் போய் நிற்க, பியானோவும் நின்றுவிடுகிறது. ராட்டை நின்றுபோயிற்று. நூற்க மறந்துவிட்டாள்.

அப்புறம் வருவதுதான் எனக்கு இந்த மரபிலேயே மிகப் பிடித்த சில வினாடிகள். பியானோ மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றப் பார்க்கிறது, நிற்கிறது. மறுபடி முயல்கிறது, மறுபடி நிற்கிறது. அதற்குப் பிறகுதான் சக்கரம் பழைய ஓட்டத்தைப் பிடிக்கிறது, அவளும் "என் அமைதி போயிற்று" என்கிறாள். கதேயின் வரியில் இந்தத் தயக்கம் கிடையாது. முத்தம் என்று முடிந்தவுடன் அடுத்த பத்தி வந்துவிடும். ஒரு பெண் தன் நினைவிலிருந்து அறைக்குத் திரும்பி வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஷூபர்ட் அளந்து வைத்திருக்கிறார். பியானோ படிக்கிறவர்களிடம் இந்த இடத்தைக் கொடுத்தால் பெரும்பாலும் அவசரப்படுவார்கள். வெறும் சுரத்தைப் பார்த்தால் அங்கே வாசிக்க ஒன்றுமில்லை என்று தோன்றும். காத்திருக்கப் பழகத்தான் நாளாகும்.

முடிவிலும் ஒரு வேலை செய்திருக்கிறார். கதே தன் கவிதையை "அவன் முத்தங்களில் நான் கரைந்து போகவேண்டும்" என்ற வேகத்திலேயே முடிக்கிறார். ஷூபர்ட் அந்த வேகத்துக்குப் போய்விட்டு, முதல் இரண்டு வரியை மறுபடி கொண்டுவந்து சன்னமாக முடிக்கிறார். சக்கரம் சுழன்றபடியே தேய்ந்து போகிறது. ஆசை எங்கேயும் போய்ச் சேரவில்லை, தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது. ஸேன்சுக்ட் என்று மேலே சொன்னேனே, அது சொல்லாக இல்லாமல் வடிவமாக மாறுவது இப்படித்தான்.

இது ஏன் சரியாக அந்தக் காலத்தில் நடந்தது? ஒரு காரணம் கருவி. பழைய ஹார்ப்சிகார்டில் விசையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். பியானோ விரலின் அழுத்தத்துக்கு ஏற்பப் பேசும். 1820களில் வியன்னாவில் கோன்ராட் கிராஃப் போன்றவர்கள் செய்த பியானோக்கள் இன்றைய பெரிய கச்சேரிப் பியானோவைவிட இலகுவானவை. சன்னமாக வாசித்தால் குரலுக்கு அடியில் பட்டுத்துணி மாதிரி விரியும், குரலை மூழ்கடிக்காது. வசதியுள்ள நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறைக்குள் அது வந்துவிட்டது.

இன்னொரு காரணம் அந்த வரவேற்பறையே. நெப்போலியன் போர்கள் முடிந்த பிறகு அமைச்சர் மெட்டர்னிக்கின் அதிகாரத்தில் வியன்னா தணிக்கையும் ஒற்றர்களும் நிறைந்த ஊர். 1820இல் ஷூபர்ட்டின் நண்பர் யோஹான் சென்னின் அறையைப் போலீஸ் சோதனை போட்டபோது ஷூபர்ட்டும் அங்கே இருந்தார். அவரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். சென் ஓராண்டுக்கு மேல் காவலில் இருந்து, பிறகு ஊரைவிட்டே அனுப்பப்பட்டார். வெளியே பேச முடியாத தலைமுறை வீட்டுக்குள் நண்பர்கள் சூழ உட்கார்ந்து பாடியது. ஷூபர்ட்டியாடே என்று பிற்பாடு புகழ்பெற்ற கூட்டங்கள் அவை. லீட் பாடல்களின் அந்தரங்கத் தொனிக்கு இந்தச் சின்ன அறையும் காரணம். ஆயிரம் பேருக்குப் பாடும் ஆபெரா குரலில் இதைப் பாடினால் பாட்டு செத்துவிடும். இன்றும் சிலர் அப்படிப் பாடுகிறார்கள், என்ன செய்வது.

அமானுஷ்யம் என்ற குணத்துக்கு எல்லாரும் காட்டும் உதாரணம் எர்ல்கோனிக். கதேயின் கவிதைக்கு 1815இல் எழுதி, 1821இல் ஷூபர்ட்டின் முதல் ஓபஸாக, அதாவது வெளியீட்டு வரிசையில் முதல் எண்ணாக அச்சானது. இரவில் காற்றில் அப்பா மகனை அணைத்துக்கொண்டு குதிரையில் விரைகிறார். மகனுக்கு எர்ல்கோனிக் என்ற பேயரசன் தெரிகிறான், அப்பாவுக்குத் தெரியவில்லை. கதைசொல்லி, அப்பா, மகன், பேயரசன் என்று நான்கு குரல்களையும் ஒரே பாடகர் பாடவேண்டும். பியானோவின் வலது கையில் குதிரைக் குளம்போசை போல மும்மை மும்மையாக ஓயாத தட்டல். வாசிப்பவரின் மணிக்கட்டு கழன்றுவிடும். ஷூபர்ட்டே ஒரு வடிவத்தில் மும்மையை இரட்டையாகக் குறைத்து எழுதிவைத்திருக்கிறார்.

பேயரசன் பாடும்போது கவனியுங்கள். பயங்கரமாக எதுவும் இல்லை. மேஜர் ஸ்கேலுக்கு மாறி, இனிமையாக, தாலாட்டு மாதிரி, சன்னமாகக் கூப்பிடுகிறான். குதிரைத் தட்டலும் அவனுக்காக மென்மையாகிவிடுகிறது. ஏனென்றால் அந்த நேரத்தில் நாம் கேட்பது அப்பா கேட்கும் காற்றை அல்ல, பையனின் காதில் விழுவதை. பையன் "அப்பா, அப்பா" என்று அலறும்போது குரல் பியானோவின் சுரத்தோடு அரைச்சுர நெருக்கத்தில் மோதுகிறது. ஒவ்வொரு முறையும் இன்னும் உயரத்தில். வீடு வந்து சேர்ந்ததும் குதிரை நிற்கிறது, பியானோவும் நிற்கிறது. "அவர் கைகளில் குழந்தை" என்று ஏறக்குறையப் பேச்சாகவே ஒரு வரி, ஒரு இடைவெளி, "இறந்திருந்தது." பிறகு இரண்டு கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து அடிக்கும் இரண்டு அடி. பேய் உண்மையா, காய்ச்சல் கனவா என்று கவிதை தீர்ப்புச் சொல்லவில்லை. இசை நம்மைப் பையன் பக்கம் உட்கார வைத்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால் கதேக்கு இந்த மாதிரிப் பாட்டு பிடிக்காது. எர்ல்கோனிக் கவிதை முதலில் 1782இல் ஒரு இசைநாடகத்துக்காக எழுதப்பட்டது. மேடையில் ஒரு மீனவப் பெண் வேலை செய்துகொண்டே முணுமுணுக்கும் பழம்பாட்டாக அது வரும். நடிகை கொரோனா ஷ்ரோட்டர் போட்ட மெட்டு எட்டே வரி போல எளிமையானது, எல்லாப் பத்திக்கும் அதே மெட்டு. கதேயின் நண்பர் ட்சேல்ட்டரும் பெரும்பாலும் இந்த முறையில்தான் பாட்டமைத்தார். கவிதை முன்னே நிற்கவேண்டும், இசை அதற்குச் சட்டகம் போடவேண்டும் என்பது கதேயின் தலைமுறை எண்ணம். 1816இல் ஷூபர்ட்டின் நண்பர் ஷ்பௌன் பாடல்களைப் பிரதியெடுத்து, கதே வாழ்ந்த வைமாருக்கு அனுப்பினார். பதில் ஒரு வரி இல்லை, கட்டு திரும்பி வந்தது. கதேயைக் குறை சொல்லத் தோன்றும். ஆனால் அவர் பார்வையில் யோசியுங்கள்: தன் கவிதைக்குள் யாரோ புகுந்து, தான் எழுதாத மௌனங்களையெல்லாம் நிரப்பிவைத்திருக்கிறார்கள். 1830இல் பாடகி வில்ஹெல்மினே ஷ்ரோடர்-டெவ்ரியன்ட் எர்ல்கோனிக்கை நேரில் பாடிக் காட்டியபோது கிழவர் மனம் இளகினார். அதற்குள் ஷூபர்ட் இறந்து ஒன்றரை ஆண்டு.

நாட்டார் தன்மை என்ற குணமும் இங்கேதான் வந்து சேர்கிறது. எழுத்தாளர் ஹெர்டர் 1770களில் நாட்டார் பாடல்களைத் திரட்டினார். ஆர்னிம், பிரென்டானோ என்ற இரு கவிஞர்கள் 1805 முதல் 1808 வரை மூன்று தொகுதிகளாக ஒரு பெரிய திரட்டு வெளியிட்டார்கள். தாங்களே கை வைத்துத் திருத்தியும் இருந்தார்கள் என்பது வேறு கதை. அந்தத் திரட்டுகளின் எளிய நாலடி வடிவத்தைக் கவிஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். படிக்கும்போது கிராமத்துப் பாட்டு மாதிரி இருக்கும், உள்ளே இருப்பவன் படித்து, நொந்து, தனியாகிப்போன நகரத்து மனிதன்.

அந்த வகையில் கவிஞர் வில்ஹெல்ம் முல்லரை விட்டால் வேறு ஆள் இல்லை. நமக்கு இந்தப் பெயர் இன்னொரு வழியில் தெரியும்: ரிக்வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லர் இவருடைய மகன். தந்தையின் கவிதைகளைக் கொண்டு ஷூபர்ட் இரண்டு தொடர்களை உருவாக்கினார். 1823இல் 'அழகிய ஆலைக்காரப் பெண்', 20 பாடல். 1827இல் 'வின்டர்ரைஸே', அதாவது குளிர்காலப் பயணம், 24 பாடல். முல்லரும் ஷூபர்ட்டும் சந்தித்ததே இல்லை. முல்லர் 1827இல் 32 வயதில் இறந்தார், ஷூபர்ட் மறு ஆண்டு 31 வயதில்.

குளிர்காலப் பயணத்தில் கதை என்று அதிகம் இல்லை. காதல் முறிந்துபோன ஒருவன் நடுராத்திரியில் ஊரைவிட்டுக் கிளம்பிப் பனியில் நடந்துகொண்டே இருக்கிறான். "அந்நியனாக வந்தேன், அந்நியனாகவே போகிறேன்" என்பது முதல் வரி. பியானோவில் டி மைனரில், ஒரே சீராக, நடக்கும் காலடி. மூன்று பத்திகள் இப்படியே போகும். கடைசிப் பத்தியில் அவள் தூக்கத்தைக் கலைக்காமல், போகிறபோக்கில் வாசற்கதவில் "நல்லிரவு" என்று எழுதிவிட்டுப் போகிறான். அந்த இடத்தில் ஷூபர்ட் ஒரே ஒரு சுரத்தை மாற்றி டி மேஜருக்குப் போகிறார். மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம் என்று இசை வகுப்பில் சொல்லித்தருவார்கள். அந்தப் பாடத்தை இங்கே மறந்துவிடுங்கள். ஷூபர்ட்டிடம் மேஜர் வந்தால் பெரும்பாலும் அது இல்லாத ஒன்றின் நினைவு. மைனரில் நடக்கும்போது அவனால் தாங்க முடிகிறது. மேஜரில்தான் நமக்குத் தொண்டை அடைக்கிறது. கடைசியில் "உன்னை நினைத்தேன்" என்பதைத் திரும்பச் சொல்லும்போது மைனருக்கே இறங்கிவிடுகிறது.

இயற்கையைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றால் ஐந்தாம் பாட்டு, லிண்டன் மரம். ஊர்வாசல் கிணற்றடியில் ஒரு மரம், அதன் நிழலில் எத்தனையோ இனிய கனவு கண்டிருக்கிறான். பியானோ இலைகளின் சலசலப்போடு தொடங்குகிறது, எவ்வளவு இதமாக. சரி, ஆனால் இது எந்த மாதம்? கடுங்குளிர். மரத்தில் ஒரு இலைகூட இருக்காது. சலசலப்பது மரம் அல்ல, அவன் மண்டைக்குள் இருக்கும் மரம். பாட்டின் நடுவில் குளிர்காற்று முகத்தில் அறைந்து தொப்பியைப் பறிக்கும்போது, பியானோவில் அதே சலசலப்புதான் சூறாவளியாக மாறுகிறது. ரொமான்டிக் கலைஞர்கள் இயற்கையை வருணித்தார்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது எனக்கு ஒப்புவதில்லை. இங்கே வெளியே இருக்கும் மரத்துக்கும் உள்ளே இருக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்த சுவர் போய்விட்டது. கிளைகள் "என்னிடம் வா, இங்கே அமைதி கிடைக்கும்" என்று கூப்பிடுகின்றன. எந்த அமைதி என்று நினைக்கிறீர்கள்? கடைசியில் "அங்கே உனக்கு அமைதி கிடைத்திருக்கும்" என்று முடியும்போது, சாவைத்தான் மரம் இவ்வளவு அன்பாகச் சொல்கிறது என்று உறைக்கும்.

இதே பாட்டை ஃபிரீட்ரிக் ஜில்ஹர் என்பவர் ஆண்கள் கூட்டாகப் பாடுவதற்கு எளிமையாக்கினார். சூறாவளியை எடுத்துவிட்டார், எல்லாப் பத்திக்கும் ஒரே இனிய மெட்டு. ஜெர்மனியில் அந்த வடிவம் நாட்டார் பாட்டாகவே பரவிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஜில்ஹரின் வடிவம் அழகானது, வீட்டு நினைவு தரும். அதில் இல்லாதது எதுவோ, அதுதான் நீங்கள் கேட்ட குணம்.

ஷூபர்ட் இந்தத் தொடரை முதன்முதலில் நண்பர்களுக்குப் பாடிக் காட்டியபோது அவர்கள் திகைத்துப்போனார்கள் என்று ஷ்பௌன் எழுதியிருக்கிறார். ஷோபர் என்ற நண்பர் லிண்டன் மரம் மட்டும் பிடித்தது என்றாராம். ஷூபர்ட்டோ, மற்ற எல்லாப் பாடல்களையும்விட இவைதான் எனக்குப் பிடித்தவை, உங்களுக்கும் பிடிக்கும் என்றார். இருபத்து நான்காம் பாட்டைக் கேட்டால் அவர்கள் திகைப்பு புரியும். ஊருக்கு வெளியே ஒரு கிழவன், பனிக்கட்டிமேல் வெறுங்காலோடு, ஒரு கருவியைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே ஒரு சக்கரம் நரம்புகளை உரசி ஒலிக்கும் பிச்சைக்காரர் வாத்தியம் அது. தட்டு காலி. நாய்கள் உறுமுகின்றன. பியானோவின் இடது கை ஸ-ப மாதிரி வெறும் இரண்டு சுரத்தைப் பாட்டு முழுவதும் சுருதியாகப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. கார்டு நகரவே இல்லை. வலது கையில் ஒரு துண்டு மெட்டு வரும், போகும். "விசித்திரக் கிழவரே, உம்மோடு வரட்டுமா? என் பாட்டுகளுக்கு உம் வாத்தியத்தைச் சுற்றுவீரா?" என்று கேட்கிறான். பதில் இல்லை. தொடரே அந்தக் கேள்வியில் முடிகிறது. 17 வயதில் ராட்டைச் சக்கரத்தைச் சுற்றவிட்டவர், 30 வயதில் இந்தச் சக்கரத்தில் வந்து நிற்கிறார். முதலாவதில் ஆசை சுழற்றியது. இதில் சுழற்றுவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை, பழக்கத்தில் சுற்றுகிறது.

ஷூமனிடம் இது வேறு மாதிரி. அவர் முதலில் பியானோ ஆள். முதல் 23 ஓபஸ்களும் பியானோ தனியிசைதான். குரலுக்கு எழுதுவதை ஒரு படி கீழே வைத்துப் பார்த்ததாக அவரே கடிதத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறார். அப்புறம் 1840 வந்தது. கிளாரா வீக்கை மணக்க அவளுடைய அப்பா சம்மதிக்காமல் விவகாரம் நீதிமன்றம்வரை போன சமயம். அந்த ஒரே ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் கொட்டின. தீர்ப்பு சாதகமாக வந்து செப்டம்பர் 12 அன்று திருமணம். மறுநாள் கிளாராவுக்கு 21 வயது நிரம்பியது!

அந்த ஆண்டு மே மாதக் கடைசியில், ஏறக்குறைய ஒரு வாரத்தில், ஹைனேயின் வரிகளை வைத்து எழுதியது 'டிக்டர்லீபே', கவிஞனின் காதல். முதல் பாட்டு: அழகான மே மாதத்தில், மொட்டுகளெல்லாம் அவிழ்ந்தபோது, என் நெஞ்சிலும் காதல் மலர்ந்தது. பறவைகள் பாடியபோது என் ஏக்கத்தை அவளிடம் சொன்னேன். இவ்வளவுதான், இரண்டு சின்னப் பத்தி. வரிகளை மட்டும் பார்த்தால் சந்தோஷப் பாட்டு. பியானோவோ ஒரு உரசலோடு, ஏதோ பேச்சின் நடுவிலிருந்து தொடங்குவது மாதிரி தொடங்குகிறது. குரல் வந்ததும் ஏ மேஜரின் வெளிச்சத்தில் நிற்கப் பார்க்கிறது. குரல் ஓய்ந்தவுடன் பியானோ அதை எஃப் ஷார்ப் மைனர் பக்கம் இழுக்கிறது. எது வீடு என்று தெரியாமலே பாட்டு முடிகிறது. முடிகிறது என்பதே தப்பு. அடுத்து எங்காவது போய் இறங்கியே ஆகவேண்டும் என்று காது கெஞ்சும் ஒரு கார்டில் தொங்கவிட்டுப் போய்விடுகிறார். வீட்டில் பியானோ உள்ளவர்கள் அந்தக் கடைசிக் கார்டை வாசித்துவிட்டு எழுந்து போய்ப் பாருங்கள், போக முடியாது. வரிகள் இறந்தகாலத்தில் இருப்பதை ஷூமன் கவனித்திருக்கிறார். சொன்னேன் என்கிறான், அவள் என்ன பதில் சொன்னாள் என்பது இல்லை. காதலனுக்குத் தெரியும் முன்பே பியானோவுக்கு முடிவு தெரிந்துவிட்டது.

ஏழாம் பாட்டில் நேர் எதிர். "எனக்குக் கோபமில்லை, நெஞ்சே உடைந்தாலும்" என்று பாடுகிறான். பியானோ கனத்த கார்டுகளைச் சுத்தியலால் அடிப்பது மாதிரி அடித்துக்கொண்டே போகிறது. கோபமில்லையாம்! ஹைனேயின் குத்தலை ஷூமன் புரிந்துகொள்ளவில்லை என்று சில விமர்சகர்கள் சொல்வதுண்டு. இந்தப் பாட்டைக் கேட்டவர் அப்படிச் சொல்ல முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

கடைசிப் பாட்டில் கவிஞன் ஒரு பெரிய சவப்பெட்டி கேட்கிறான். ஹைடெல்பெர்க் கோட்டையின் மது பீப்பாயைவிடப் பெரியதாக, மைன்ட்ஸ் பாலத்தைவிட நீளமாக, தூக்கிக் கடலில் போடப் பன்னிரண்டு பூதங்கள் வேண்டும். ஏன் இவ்வளவு கனம் தெரியுமா, என் காதலையும் வலியையும் உள்ளே போட்டுவிட்டேன் என்கிறான். ஹைனே அந்த நக்கலோடு முடித்துக்கொண்டார். பாடகரும் வாயை மூடிவிடுகிறார். பியானோ மட்டும் எழுந்து, பன்னிரண்டாம் பாட்டின் முடிவில் வந்த ஒரு மெல்லிய மெட்டை நினைவிலிருந்து எடுத்து, நீளமாக, தனியாக வாசிக்கிறது. அந்தப் பன்னிரண்டாம் பாட்டில் பூக்கள் அவனிடம், எங்கள் சகோதரிமேல் கோபப்படாதே என்று கிசுகிசுத்திருந்தன. மன்னித்துவிட்டான் என்று வரி சொல்லவில்லை. பாடகர் அந்த நேரம் முழுவதும் கையைத் தொங்கவிட்டுச் சும்மா நிற்கவேண்டும். நல்ல பாடகரா என்று அந்த நிற்பிலேயே தெரிந்துவிடும்.

சமிஸ்ஸோ என்ற கவிஞரின் வரிகளுக்கு ஷூமன் எழுதிய 'பெண்ணின் காதலும் வாழ்வும்' தொடரின் முடிவிலும் இதே உத்தி. கணவன் இறந்ததும் குரல் அடங்கி, பியானோ முதல் பாட்டைத் தனியாக வாசிக்கும். இசை அபாரம். வரிகளில் அந்தப் பெண் கணவனைத் தெய்வமாக்குவது இன்று எனக்கு எரிச்சலூட்டுகிறது, மறைப்பானேன்.

பெண்கள் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டு அறைக்கான இந்தக் கலையில் பெண்கள் பாடினார்கள், வாசித்தார்கள், எழுதவும் செய்தார்கள். பெயர் போட்டுக்கொள்வதுதான் சிக்கல். ஃபானி ஹென்ஸலின் சில பாடல்கள் தம்பி ஃபெலிக்ஸ் மென்டெல்சோன் பெயரிலேயே அச்சாயின. 1842இல் லண்டன் அரண்மனையில் விக்டோரியா மகாராணி ஃபெலிக்ஸின் தொகுப்பிலிருந்து தனக்குப் பிடித்த 'இத்தாலி' பாட்டைப் பாடினார். அது அக்கா எழுதியது என்று ஃபெலிக்ஸ் அங்கேயே ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ரொமான்டிசிசம் தனிமனித வெளிப்பாடு என்று எழுதும்போது, யாருடைய பெயரில் வெளிப்பட்டது என்ற கேள்வியும் ஓரமாக இருக்கட்டும்.

அடுத்து வந்த இசையமைப்பாளர்களில் பிராம்ஸை வேகமாகக் கடந்துவிடுகிறேன். அவர் நாட்டார் மெட்டின் பக்கம் சாய்ந்தவர், அடிநாதமான இடது கையில்தான் அவர் உயிர். ஹூகோ வோல்ஃப் 1888இல் ஒரே ஆண்டில் மோரிக்கேயின் கவிதைகளுக்குப் பாடல்களாக எழுதிக் குவித்தவர், மொத்தம் 53. தொகுப்பின் அட்டையில் "எடுவார்ட் மோரிக்கேயின் கவிதைகள்" என்று கவிஞரை முன்னால் வைத்தார். அவரிடம் சில இடங்களில் பியானோ முழு நாடகத்தையும் நடத்தும், குரல் அதன்மேல் பேசிக்கொண்டு போகும்.

எங்கே தொடங்குவது என்றால், டீட்ரிக் ஃபிஷர்-டீஸ்காவ் பாட ஜெரால்ட் மூர் பியானோ வாசித்த பதிவுகள் எளிதாகக் கிடைக்கும். குளிர்காலப் பயணத்தைப் பெண் குரலில் கேட்க பிரிகிட்டே ஃபாஸ்பெண்டர். முதலில் கவிதையின் மொழிபெயர்ப்பைப் படித்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை. முதல் முறை பாடகரைக் கேளுங்கள். இரண்டாம் முறை அவரை மறந்துவிட்டுப் பியானோவை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். எங்கே நிற்கிறது, எங்கே குரலோடு ஒத்துப்போக மறுக்கிறது, குரல் முடிந்தபின் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

இந்தப் பயிற்சிக்கு ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'நாளை' பாட்டு மிக வசதி. 1894இல் தன் மனைவியாகப் போகிற பாடகி பாவ்லினேவுக்குக் கல்யாணப் பரிசாக எழுதிய நான்கில் ஒன்று. பியானோ முதலில் ஒரு முழுப் பாட்டையே வாசித்துவிடும் போல, அவ்வளவு நீளமான முன்னிசை. பாடகர் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டு நிற்கிறார். மெட்டு முடியப் போகும் தருவாயில், நடுவில் நுழைந்து, "அப்புறம் நாளைக்கு மறுபடியும் சூரியன் ஒளிரும்" என்கிறார். பாட்டின் முதல் சொல்லே "அப்புறம்." அதற்கு முன்னால் என்ன சொல்லப்பட்டது என்பது பியானோவுக்கு மட்டும் தெரியும்.